பறவை காணும் பாடம்

கண்ணிருந்தும் காணாதவர் என்று ஒருவரைச் சொல்லுவது வசையாகும். ஆயினும், பறவைகளின் திறத்தில் நம்முள் பெரும்பாலார் அவ்வாறே வாழ்ந்து வருகின்றோம். வைகறையில் நம்மை எழுப்புவது பறவையின் குரல். நாம் உண்ணும் பழங்களை முதலிற் சுவைத்துப் பார்ப்பதும் பறவையே. எனினும், நம் வீட்டுவாயில் மரத்தில் வந்தமரும் பறவைகளுள் பத்தின் பெயரைச் சொல்லுக என்று கேட்டால், காகம், குயில், கிளி, மைனா என்று நான்கு கூறித் திகைத்து நிற்போம். பறவைகளைப் பற்றி நாம் அறிந்தனவாக எண்ணுவனவும் பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டனவே. கேட்டதை விடுத்துக் கண்டதைக் கொள்ளுவது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள். அதற்குத் திருவனந்தபுரத்து அருங்காட்சியகத் தோட்டத்தையும், அங்குக் கழிந்த ஒரு கோடைக் காலையையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. இடம்

திருவனந்தபுரத்து அருங்காட்சியகம் 1857-ஆம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதனையடுத்து 1859-இல் உயிர்க்காட்சிச் சாலை அமைந்தது. சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் பெயரால் வழங்கும் இப்போதைய கட்டடம், சிஷோம் என்னும் கட்டடக்கலைஞரின் திட்டப்படி எழுந்து 1880-இல் முடிவுற்றது. இக்கட்டடங்களைச் சூழ்ந்து பெருமரங்கள் செறிந்த தோட்டம் உள்ளது. விடியற்காலையில் நகரமாந்தர் உலாவ வருவது இங்கேதான். முதியோர் நடக்கின்றனர்; இளைஞர் ஓடுகின்றனர்; யாவர் எக்குலத்தார் என்று கேட்பார் இல்லை.

இஃது எளிதாக வந்த நிலைமை அன்று. இத்தோட்டத்திலிருந்து சிறிது தொலைவில் வெள்ளையம்பலத்தில் அய்யன்காளியின் சிலை நிற்கின்றது. வெங்ஙானூரிற் பிறந்த அப்பெரியார், ஒடுக்கப்பட்டோர் நடக்கவும் கூடாதென விலக்கப்பட்டிருந்த பொதுவழியில், 1893-இல் வில்வண்டி ஏறிச் சென்றார். வழியில் நடப்பதும், மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதும் எல்லார்க்கும் உரியன என்பது, போராடிப் பெற்ற பேறு. பெற்ற பேற்றைப் பயன்படுத்தாது விடுவது அறிவுடைமை ஆகாது. ஆகவே, பொதுத்தோட்டத்திற்குச் சென்று நின்று பார்ப்பதனை வீண்பொழுது என்று நம்மவர் எவரும் எண்ண வேண்டா.

2. ஒரே வளாகத்தில் மூவகைப் பறவைகள்

இத்தோட்டத்திற்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. பறவைகளை மூன்று நிலையில் இங்கே காணலாம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துள் பாடம் செய்து வைக்கப்பட்ட பறவைகள் கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கின்றன. உயிர்க்காட்சிச் சாலையிற் கூண்டுப் பறவைகள் உள்ளன. வெளியே மரங்களில் எவரும் கொண்டுவராத, எவரும் தடுக்காத பறவைகள் வாழ்கின்றன.

முதல்வகையின் வரலாற்றை அறிதல் நன்று. இவ்வருங்காட்சியகத்தின் தலைவராய் இருந்த பெர்குசன் என்பாரும், போர்டிலன் என்பாரும் சேர்ந்து திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி எழுதிய கட்டுரைத் தொடர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1903, 1904-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதன்பின் 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி நாடுகள் முழுவதும் சுற்றிப் பறவை ஆய்வு நடத்தினார். அக்காலத்து அறிஞர் பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பதப்படுத்தி, அளந்து எழுதினர். அவர்கள் தேடித்தந்த அறிவை நாம் நன்றியுடன் கொள்ளுகின்றோம். பெயரும் இனமும் உறுதிப்படாத அந்நாளில் வேறு வழி அரிதாயிருந்தது.

இந்நாளிலோ வழி வேறாகிவிட்டது. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்றும், பட நூல் ஒன்றும், குறிப்பேடு ஒன்றும் உள்ளவர், ஓர் உயிர்க்கும் ஊறு செய்யாமல் பறவைகளை அறியலாம். இந்துசூடன் என்னும் புனைபெயர் பூண்ட கே. கே. நீலகண்டன் 1958-இல் கேரளத்துப் பறவைகள் பற்றி மலையாளத்தில் எழுதிய நூல், ஆங்கிலம் அறியாத மக்களையும் இக்கலைக்கு அழைத்து வந்தது. 2015 முதல் 2020 வரை, ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, மழைக்காலத்தும் வறண்ட காலத்தும் சென்று பார்த்து, கேரளப் பறவை வரைபடத் தொகுதியை ஆக்கினர். அதிற் பதிவான இனங்கள் 361. இத்தொண்டர்களுட் பலர் ஆசிரியர், மாணவர், அலுவலர் முதலிய பொதுமக்களே ஆவர். கொல்லாமலே அறிவு பெருகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

3. கோடைக் காலையிற் கண்டவை

சித்திரைத் திங்களில் இந்நகரிற் கதிரவன் ஆறு மணிக்குச் சற்றுப் பின் எழுகின்றான். நாம் அதற்கு முன்பே தோட்டத்தில் இருத்தல் வேண்டும். கோடையில் ஒன்பது மணிக்கு மேல் வெம்மை மிகும். பறவைகள் இலைச்செறிவில் ஒதுங்கி அடங்கும். விடியலில் காற்று அசைவற்றிருத்தலின் குரல் நெடுந்தொலைவு செல்லும். இரவெல்லாம் பட்டினி கிடந்த பறவை இரைதேடி வெளிப்படும்.

இருள் பிரியுமுன் முதலிற் கேட்பது துடுப்புவால் கரிச்சானின் குரல். அது பிற பறவைகளின் குரலைப் போலச் செய்வதில் வல்லது. ஆதலின், கேட்ட மாத்திரத்தில் பெயர் எழுதிவிடலாகாது. பறவையைக் கண்ட பின்னரே எழுதுதல் வேண்டும். இது நாம் பெறும் முதற் பாடம்.

அடுத்து, மரத்தின் உச்சியிலிருந்து ‘குட்ரூ, குட்ரூ’ என்று இடைவிடாது ஒலி எழுகின்றது. அது வெண்கன்னக் குக்குறுவான். உடல் பச்சை, கன்னத்தில் வெண்கோடு. இலைக்குள் இலையாய் இருத்தலின், பத்து நிமிடம் நின்றாலும் புலப்படுவதில்லை. அத்தி, ஆல், அரசு முதலியவற்றின் பழங்களே இதன் பெருவிருப்பான உணவு. பழத்தை உண்டு விதையைப் பிறிதோரிடத்திற் கழிப்பதால், மதில் வெடிப்பிலும் மரக்கவட்டிலும் அரசமரம் முளைப்பதற்கு இத்தகைய பறவைகளே காரணம். இது கூடு கட்டுவதில்லை. பட்ட கிளையை அலகாற் குடைந்து பொந்து செய்கின்றது. அதனைவிட்டு அது நீங்கிய பின், வேறு சிறு பறவைகள் அதிற் குடிபுகும். பட்ட கிளை பயனற்றது என்று வெட்டுவோர், பல குடும்பங்களின் வீட்டை இடிக்கின்றனர் என்பதை அறிக.

புதரோரத்தில் தையல்சிட்டு இலையிரண்டைப் பஞ்சினால் தைத்துக் கூடமைக்கின்றது. அதன் எடை பத்து கிராமுக்கும் குறைவு. பூச்செடிகளில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு சிலந்திநூல் கொண்டு பிணைத்த கூட்டைத் தொங்கவிடுகின்றது. தண்டில் ஏறி ஏறித் தட்டிப் பார்ப்பது பொன்முதுகு மரங்கொத்தி. வானத்திற் பனை உழவாரன் ஓயாது சுழல்கின்றது. அது தன் எச்சிலையே பசையாகக் கொண்டு பனையோலையின் அடிப்பக்கத்திற் கூட்டை ஒட்டிவைக்கும். மேலே செம்பருந்து வட்டமிடுகின்றது.

காணாதவற்றையும் எண்ணுதல் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வந்து தங்கியிருந்த ஆறுமணிக்குருவி இப்போது இங்கில்லை. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவிற் குரல் கொடுத்தலின் நம்மவர் அதற்கு அப்பெயர் இட்டனர். கோடை வருமுன் அது மத்திய இந்தியாவையும் இமயத்தின் அடிவாரத்தையும் நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றது. இந்த மரம் இந்தப் பறவைக்கே உரியது என்று எதனையும் சொல்ல இயலாது. வருவதும் போவதும் மாறுவதுமே இயல்பு.

4. குயிலைப் பற்றிய கேள்வியும் காட்சியும்

சித்திரையிற் குயில் கூவும். இனிய குரலுடையது பெண்குயில் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றோம். பார்த்தவர் சொல்வது வேறு. ஓங்கி ஓங்கிக் கூவுவது ஆண்குயிலே. அது கரிய உடலும் சிவந்த கண்ணும் உடையது. பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் நிறைந்தது; அதன் குரல் ‘கிக், கிக்’ என்னும் விரைந்த ஓசை. இரண்டையும் வேறு வேறு பறவை என்று எண்ணிக்கொள்பவரும் உளர்.

குயில் கூடு கட்டுவதில்லை. காகம் முட்டையிடும் பருவத்தில் அதன் கூட்டிலேயே தன் முட்டையையும் இட்டுவிடும். குயில்முட்டை காகத்தின் முட்டைக்கு முன்பே பொரிந்துவிடுவதால், குயில்குஞ்சு முந்தி வளர்ந்து உணவைப் பெறும். காகமோ வேற்றுக்குஞ்சு என்று அறியாது ஊட்டுகின்றது. இதனை அறிந்தவுடன் ‘குயில் வஞ்சகம் உடையது, காகம் பேதைமை உடையது’ என்று தீர்ப்புக் கூற நாம் விரைகின்றோம். வஞ்சகம் என்பதற்கு எண்ணிச் செய்யும் உள்ளம் வேண்டும். குயிலினிடத்தில் அத்தகைய உள்ளம் உண்டு என்பதை நாம் கண்டதில்லை. நாம் கண்டது முட்டையையும் குஞ்சையுமே. காண்பதற்கு மேல் நாம் சேர்த்துக்கொள்ளும் பகுதி எது என்று பிரித்தறிவதே நல்ல மாணவனின் இலக்கணம்.

5. புள்நிமித்தம்

கேள்வி அறிவின் தீமை, நிமித்தம் பார்ப்பதிலே மிகவும் வெளிப்படுகின்றது. ஆந்தை அலறினால் இழவு என்பர்; காகம் கரைந்தால் விருந்து என்பர்; பயணத்திற் செம்போத்து எதிர்ப்பட்டால் நன்மை என்று கேரளத்தார் கூறுவர்; செம்பருந்து வட்டமிட்டால் கருடசேவை என்று கைகூப்புவர்.

இவற்றைப் பறவைகளிடமே சென்று ஆராய்வோம். கூகை இரவில் எலிகளைப் பிடித்து உண்பது. அதன் இறகுகள் மென்மையாதலின் பறக்கும் ஓசை கேட்பதில்லை. அதன் செவிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் அமையாமையால், இருளில் ஓசை வரும் இடத்தை நுட்பமாக அறிகின்றது. வயலுக்கும் களஞ்சியத்துக்கும் அது செய்யும் காவல் பெரிது. அதன் குரல் தன் துணையை அழைக்கவும் தன் எல்லையை உணர்த்தவும் எழுவது. எவருடைய வீட்டிலும் எவர் இறப்பர் என்பதை அது அறியாது. செம்போத்தோ தரையில் நடந்து நத்தை, பூச்சி, பாம்புக்குட்டி, பிற பறவைகளின் குஞ்சு ஆகியவற்றை இரையாகக் கொள்வது. நம் பயணத்தின் பயன் அதற்குத் தெரியாது. செம்பருந்து, கடற்கரையிலும் நீர்க்கரையிலும் செத்த மீனும் நண்டும் தேடுவது.

தீக நிகாயத்தின் பிரம்மஜால சூத்திரம், பிக்குகள் விலக்கவேண்டிய இழிந்த வித்தைகளை நிரல்பட உரைக்கின்றது. புள்வித்தையும் காகவித்தையும் அவ்வரிசையில் உள்ளன. பறவையின் குரலிலே மக்களின் விதியைப் படித்துச் சொல்லிப் பிழைப்பது அந்நாளிலேயே கடியப்பட்டது.

நாம் இதனை வெறும் மூடவழக்கம் என்று சிரித்து விட்டுவிடுதல் போதாது. ‘இதன் முகத்தில் விழித்தால் தீமை’ என்று ஓர் உயிரைச் சொல்லும் பழக்கம், பறவையோடு நின்றதில்லை. மனிதரையும் அப்படியே சொன்னார்கள். கைம்பெண்ணின் எதிர்வரவு தீது என்றார்கள். நம் முன்னோரின் நிழலும் தீது என்றார்கள். சொன்னவர் எவரும் நின்று ஆராய்ந்து பார்த்தவர் அல்லர், கேட்டதைச் சொன்னவரே. அப்பழியைச் சுமந்த நாம், ஆந்தையின்மேல் அதே பழியை ஏற்றி அதன் கூட்டிற் கல்லெறிவோமாயின், நாம் விட்டுவந்தது எதை? விடாது வைத்திருப்பது எதை?

6. பெயர்

பறவைகளின் பெயர்களையும் சற்று ஆராய்வோம். கருப்பும் வெள்ளையுமாய்த் தோட்டத்தில் இனிது பாடும் குருவிக்கு வண்ணாத்திக்குருவி என்று பெயர். கருங்கொண்டை உடைய மைனா ஒன்றைப் பாப்பாத்தி மைனா என்கின்றனர். செம்பருந்தை ஆங்கிலத்திற் பிராமணப் பருந்து என்கின்றனர். மனிதர் தம்முள் வகுத்துக்கொண்ட பிரிவை மரக்கிளைக்கும் ஏற்றிவிட்டனர்!

ஆனால், வண்ணாத்திக்குருவி என்று அழைக்கப்படும் அக்குருவியின் பாட்டு எவ்வகையிலேனும் தாழ்ந்ததா? செம்பருந்து பெரும்பெயர் பெற்றமையால் செத்த மீனை உண்ணாது விட்டதா? பெயர் பறவையினிடத்தில் இல்லை; அழைத்தவர் நாவில் இருந்தது. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர், தேரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டித் ‘தேர்’ என்பது வழக்கிற்கு இட்ட பெயர் என்று விளக்கிய வரலாற்றை நாம் அறிவோம். தோட்டத்தில் அது நமக்குக் கண்கூடாகின்றது. வழக்கிற்குப் பெயர் வேண்டும். அது குறிப்பாக நிற்கும் மட்டும் நன்று. பெயரைக் கொண்டு உயர்வு தாழ்வு அளக்கப் புகுந்தால் அது பொய்யாகின்றது. வண்ணாத்திக்குருவியைக் குண்டுக்கரிச்சான் என்றும் நூல்கள் கூறுகின்றன. எப்பெயரால் அழைப்பினும், விடியலில் அது பாடும் பாட்டு ஒன்றே.

7. கூண்டுக்கிளி

கிளி சோதிடம் நம் தெருக்களில் இன்னும் கண்ணிற் படுகின்றது. சிறகு கத்தரிக்கப்பட்ட கிளி, ஒரு நெல்மணிக்காகச் சீட்டெடுத்துக் கொடுக்கின்றது. தன் சிறையையே திறக்க இயலாத பறவை நம் நல்வாழ்வை எங்ஙனம் திறக்கும்? இந்நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் பலர் அறியார்.

சட்டம் பின்னர் வந்தது. அறம் முன்னரே கூறப்பட்டது. அசோக மன்னர் முடிசூடி இருபத்தாறு ஆண்டு சென்றபின் பொறித்த ஐந்தாம் தூண் ஆணையில், கொல்லத்தகாத உயிர்களின் பட்டியலில் முதலில் நிற்பன கிளியும் நாகணவாயுமே. எல்லாக் கொலையையும் அவ்வாணை அடியோடு நீக்கியதில்லை. எனினும், பறவைகளைப் பெயர் சொல்லிக் காத்த பழைமையான அரசாணைகளுள் அஃது ஒன்று. அவருடைய இரண்டாம் பாறை ஆணையிற் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர் என்பவரோடு கேரளபுத்திரரும் குறிக்கப்படுகின்றனர். இந்நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி ஏற்படுத்தியதாக அது கூறுகின்றது. ஆகவே, உயிர்களிடத்து அருள் செய்க என்னும் சொல் இத்தென்னாட்டிற்குப் புதியதன்று.

வீட்டிற் கிளி வளர்க்கும் அன்பர் எவரேனும் நம்முள் இருப்பின், அவரைக் கடிந்துரைத்தல் வேண்டா. பெரும்பாலும் அவர் அன்பினாலேயே வளர்க்கின்றார். ஒரு காலை அவரைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்க. கிளிக்கூட்டம் கீச்சிட்டுக்கொண்டு மரவுச்சிக்கு மேலே அம்புபோற் பாய்வதை அவர் காணட்டும். பின்னர், வீட்டுக் கிளியைத் தாமே பறக்கவிடாமல், வனத்துறையினரிடம் ஒப்படைக்குமாறு சொல்லுக. நெடுநாள் கூண்டில் இருந்த பறவைக்கு இரை தேடவும் பகை அறியவும் தெரியாது. திடுமென விடுவது அதனை இறக்கவிடுவதாகும். அருளுக்கும் அறிவு துணை வேண்டும்.

8. பயிலும் முறை

(1) விடியுமுன் செல்க. பளபளப்பான உடை தவிர்க்க. உரக்கப் பேசற்க.

(2) ஒரு மரத்தடியிற் பதினைந்து நிமிடம் அசையாது நிற்க. நாம் அடங்கினால் பறவைகள் வெளிப்படும்.

(3) பருமனைச் சிட்டுக்குருவி, மைனா, காகம் என்னும் மூன்றனோடு ஒப்பிட்டு எழுதுக. பின்னர் அலகு, வால், நிறம், நடை, குரல் என்னும் முறையிற் குறிக்க.

(4) நாள், நேரம், இடம் மூன்றையும் தவறாது எழுதுக. ஐயம் உள்ளதை ஐயம் என்றே எழுதுக, உறுதிபோல் எழுதற்க.

(5) கூட்டை நெருங்கற்க. முட்டையையும் குஞ்சையும் தொடற்க. படம் எடுப்பதற்காகக் கிளையை விலக்கற்க. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அலைக்கழிக்கற்க.

(6) சிறுவர் ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்க. கவண் பிடிக்கும் கை குறிப்பேடு பிடிக்கக் கற்கும்.

கோடையில் வீட்டு முற்றத்திலோ மாடியிலோ ஆழமில்லாத மண்சட்டியில் நீர் வைக்க. நாள்தோறும் கழுவிப் புதுநீர் ஊற்றுக. அதுவே இப்பாடத்தின் தொடக்கமாகவும் அமையலாம். நீர் அருந்த வருவது எது என்று பார்த்தாலே பத்துப் பெயர்களை நாம் கற்றுவிடுவோம்.

பயிற்சி வினாக்கள்

1. குயிலைப் பற்றி நாம் கேட்டறிந்தவை எவை? கண்டறிந்தவை எவை? வேறுபடுத்துக.

2. ஆந்தையினால் உழவர்க்கு உண்டாகும் நன்மை யாது? அதனைத் தீநிமித்தம் என்பது ஏன் பொருந்தாது?

3. ‘பெயர் பறவையினிடத்தில் இல்லை’ என்பதனை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்குக.

4. கூண்டுக்கிளியைத் திடுமெனப் பறக்கவிடுதல் ஏன் தகாது?

5. நும் இல்லத்தருகே ஒரு வாரம் காலையிற் கண்ட பறவைகளைப் பட்டியலிட்டு, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவருக. பெயர் தெரியாதவற்றின் உருவை எழுதிக் கொணர்க, கூடியிருந்து கண்டுபிடிப்போம்.